கறுப்பாக வேண்டிய ஐந்து கலயங்கள்

கறுப்பும் சிவப்பும் ஒரே மண்தான் என்று என் மருமகள் சொன்னபோது நான் நம்பவில்லை. பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் காட்டிய படத்தில் ஒரு கிரேக்கச் சாடி இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்சில் செய்தது. உடல் முழுக்கச் செம்மஞ்சள். அதன்மேல் நான்கு குதிரைகள் கறுப்பாக நின்றன. மழையில் நனைந்த எருமையின் முதுகுபோல மினுங்கும் கறுப்பு.

“இது என்ன சாயம்? மங்கனீசோ, கரியோ?” என்று கேட்டேன்.

“சாயமே இல்ல மாமா. அதே மண்ணு. தண்ணியில கரைச்சு, ரொம்ப மெல்லிசா மேல நிக்கிறத மட்டும் எடுத்துப் பூசியிருக்காங்க. மிச்சமெல்லாம் நெருப்போட வேலை.”

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன். ஒட்சிசன் சேர்ந்தால் ஒட்சியேற்றம், நீங்கினால் தாழ்த்தல் என்று கரும்பலகையில் எழுதி எழுதி என் வலக்கைச் சட்டை எப்போதும் வெண்கட்டித் தூளாகவே இருக்கும். டென்மார்க்குக்கு வந்தபின் அந்தப் படிப்பு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வரிசையில் உறங்கிப்போனது. ஓய்வு பெற்றும் சில வருடங்கள் ஆகிவிட்டன. அன்று கோப்பன்ஹேகனுக்கு அருகே டோஸ்ட்ருப்பில் மகனுடைய வீட்டுச் சமையலறை மேசையில் அது கண் விழித்தது.

மண்ணில் இரும்பு இருக்கிறது. காற்றோட்டமாகச் சுட்டால் கலயம் முழுவதும் சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் புகையில் வேகவைத்தால், நெருப்பு மண்ணிலிருந்தே ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். கலயம் முழுவதும் கறுக்கும். அந்தக் கட்டத்தில் சூடு போதிய அளவு ஏறினால், மேலே பூசிய மெல்லிய மண் மட்டும் உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். அதன்பின் திரும்பவும் காற்று விட்டால், பூசாத இடங்கள் காற்றைக் குடித்து மறுபடி சிவக்கும். இறுகிய பூச்சுக்குள் காற்று போக வழியில்லை. அது கறுப்பாகவே நிற்கும். ஒரே மண், ஒரே சூளை, ஒரே நெருப்பு. திறப்பதும் அடைப்பதும்தான் வித்தை.

இதை நான் அன்று முழுவதும் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பருப்புக்குத் தாளிக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னேன்.

“தள்ளி நில்லுங்கோ, கடுகு வெடிக்குது,” என்றாள். “உங்களுக்கு இப்பதான் இருவது வயசு ஆகுது போல.”

உண்மைதான். எனக்கு அப்படித்தான் இருந்தது.

என் மருமகள் கோயம்புத்தூர்ப் பெண். கணினி வேலைக்காகக் கோப்பன்ஹேகனுக்கு வந்த இடத்தில் என் மகனைக் கண்டு மணந்தவள். நல்ல சம்பளத்தில் இருந்தவள், பேத்தி பிறந்து சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டு மண் பிசையத் தொடங்கினாள். டோஸ்ட்ருப்புக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், ஒரு பழைய பண்ணையின் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். எரிவாயுவில் எரியும் சிறிய செங்கல் சூளை ஒன்றைக் கட்டினாள். மூன்று வருடம் கோப்பையும் தட்டும் செய்து சந்தைகளில் விற்றாள். அது போதவில்லை. மகனிடம் அவள் ஒரு கெடு சொல்லியிருந்தாள்: இந்தக் கோடைக்குள் பெரிய வேலை ஏதும் அமையாவிட்டால் கொட்டகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி கணினிக்கு முன்னால் போய் இருப்பாள்.

அந்தப் பெரிய வேலை வந்தது. கோப்பன்ஹேகனில் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நூதனசாலை, கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காகக் கிரேக்கக் கலயங்களை அந்தக் காலத்து முறைப்படியே செய்து தரக்கூடிய ஒருவரைத் தேடியது. சாயம் பூசிய போலி வேண்டாம் என்றார்கள். உண்மையான பூச்சு விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். உடல் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். உருவங்களுக்குள் ஊசியால் கீறிய கோடுகள் தட்டுப்படும். பார்வை இல்லாதவர் விரலாலேயே குதிரையைக் காணலாம். கோடை முடிவதற்குள் ஆறு மாதிரிகளைக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் நூதனசாலை நிரந்தரமாக அவளிடமே வேலை கொடுக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் களி கரைத்தாள். மழைத் தண்ணீரில் சிவப்புக் களிமண்ணைக் கலக்கி நிற்கவிட்டு, அடியில் தங்கியதை ஒதுக்கி, மேலே கலங்கலாக நின்றதை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதையும் நிற்கவிட்டு, திரும்ப மேலே நின்றதை எடுத்து... பீப்பாய் பீப்பாயாகத் தொடங்கிய மண் கடைசியில் ஒரு சிறிய வாளிக் குழம்பாக வந்தது. விரலில் தொட்டால் பாலாடை மாதிரி இருந்தது. அந்த ஒரு வாளிதான் அவளுடைய கறுப்பு முழுவதும்.

நான் மழைத் தண்ணீர் சுமந்தேன். விறகு பிளந்தேன். கேட்காத விளக்கங்களும் கொடுத்தேன்.

“அது ஒட்சியேற்றம் இல்லைப் பிள்ளை, தாழ்த்தல்.”

“மாமா, எனக்கு அது ரிடக்ஷன். பேர் என்னவா இருந்தாலும் புகை கண்ணுல எரியுது. கொஞ்சம் நகருங்க.”

சாடிகளுக்கு அவள் படம் எழுதியபோது மனைவியும் வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு தண்ணீர்க் குடத்தில், ஊற்றடியில் நீர் பிடிக்கும் பெண்கள். அவர்களின் முகத்துக்கும் கைக்கும் மட்டும் வெள்ளைக் களி பூசினாள் மருமகள்.

“ஏன் பொம்பிளையளுக்கு மட்டும் வெள்ளை?” என்றாள் மனைவி.

“அப்படித்தான் அத்தை அந்தக் காலத்துல. ஆம்பளைங்க வெயில்ல சுத்துறவங்க, கறுப்பு. பொண்ணுங்க வீட்டுக்குள்ள, வெள்ளை.”

“அங்கயும் கலியாணத்துக்கு வெள்ளைப் பொம்பிளைதான் தேடியிருக்கிறாங்கள் போல.”

இருவரும் சிரித்த சிரிப்பில் தூரிகை ஆடி, ஒரு பெண்ணுக்கு மூக்கு நீண்டுவிட்டது. மருமகள் அதை அப்படியே விட்டுவிட்டாள். குதிரைகளின் பிடரிக்குக் காவியைக் கூட்டி ஊதாச் சிவப்பு வைத்தாள். கிரேக்கர்களிடம் இருந்தது அவ்வளவுதான்: மண், காவி, வெள்ளைக் களி. அதற்குள்ளேயே அத்தனை உலகம்.

ஆறாவது கலயம் திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலக்கும் பெரிய வாய் அகன்ற பாத்திரம். அது மற்றவற்றோடு சூளைக்குள் கொள்ளவில்லை. அதை வெறுமையாக ஒருமுறை சுட்டு, பிறகு பூச்சுப் பூசித் தனியாகச் சுடலாம் என்று வைத்துவிட்டாள். மற்ற ஐந்தும் ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளைக்குள் போயின.

அந்தக் காலையில் எனக்கிருந்த பரபரப்பைச் சொல்ல முடியாது. முதல் கட்டம் ஒழுங்காகப் போனது. மதியத்துக்குப் பிறகு அவள் புகைபோக்கித் தகட்டைத் தள்ளி அடைத்தாள். புகைக்காக ஈரவிறகை உள்ளே செருகினாள். சூளையின் ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் புகை நாக்கு நீட்டியது. வயலுக்கு அப்பால் சைக்கிளில் போன ஒரு தம்பதி நின்று பார்த்தார்கள். நான் கையசைத்து, “கிரேக்கம்!” என்று டேனிஷில் கத்தினேன். அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள்.

சூளைக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஒரு வழி இருந்தது. அதே களி பூசிய சின்ன வளையங்களை அவள் உள்ளே வைத்திருந்தாள். கம்பியால் ஒன்றைக் கொக்கி போட்டு வெளியே எடுத்துப் பார்க்கலாம். வளையம் மங்கலான கறுப்பாக இருந்தால் பூச்சு இன்னும் இறுகவில்லை. மினுங்கினால் இறுகிவிட்டது, அதன்பின்தான் தகட்டைத் திறந்து காற்று விடலாம்.

அப்போதுதான் அவளுடைய கைபேசி அடித்தது. பக்கத்து ஊர் புரொண்பியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போன பேத்தி விழுந்து, வாய்க்குக் கீழே நாடியைக் கிழித்துக்கொண்டாளாம். மகன் வேலை விஷயமாக வெளிநாட்டில். மருமகள் சூளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மாமா, நான் போயே ஆகணும். வளையம் மினுமினுன்னு வர்ற வரைக்கும் தகட்டைத் தொடாதீங்க. நான் வர லேட்டானாலும் பரவாயில்ல. அடைச்சே கிடக்கட்டும். அடைச்சு வச்சா ஒண்ணும் கெடாது. தொறந்தாத்தான் கெடும்.”

“எனக்குச் சொல்ல வேணுமே பிள்ளை? நீ போ.”

அவளுடைய கார் மண் பாதையில் குலுங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு வளையத்தை எடுத்தேன். மங்கல். அடுப்புக்கரி பூசினதுபோல இருந்தது. விறகு போட்டேன். காத்திருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். அங்கேதான் பிழை நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம்.

நான் ராகுகாலத்தை நம்பாதவன். நம்புகிறவர்களைக் கேலி செய்தவன். வகுப்பில் பிள்ளைகளுக்கு, “கந்தகத்துக்கும் இரும்புக்கும் பஞ்சாங்கம் தெரியாது” என்று சொல்லிச் சிரிக்கவைத்தவன். மனைவி நல்ல நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு நக்கலடித்தவன். ஆனால் அன்று, தனியே, அந்தச் சூளைக்கு முன்னால், மருமகளின் வாழ்க்கையே அதற்குள் வெந்துகொண்டிருக்க, எனக்குள் சின்ன வயதில் ஊறிய அந்த நாலரை மணி எழுந்து நின்றது. காற்று விடுவது ஒரு தொடக்கம் அல்லவா? அந்தக் கெட்ட நேரத்தில் தொடங்கலாமா? ஆறு மணிவரை காத்திருந்தால் அதிகம் வெந்து பிழையாகிவிட்டால்? அடைத்தே வைத்தால் ஒன்றும் கெடாது என்று அவள் சொன்னது காதில் இருந்தது. அது மூளைக்குள் இறங்கவில்லை.

இன்னொரு வளையத்தை எடுத்தேன். அதுவும் மங்கல்தான். வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் மினுங்குவதுபோல் இருந்தது; அல்லது அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன். நாலரைக்குச் சற்று முன்னால் தகட்டை இழுத்துத் திறந்துவிட்டேன்.

புகை தெளிந்தது. சுடர் நீண்டு சுத்தமானது. எனக்குப் பெரிய நிம்மதி. சாமி கும்பிட்டவன்போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

நாடியில் கட்டுப்போட்ட பேத்தியோடு அவள் திரும்பிவந்தபோது தகடு திறந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தாள்.

“அதுக்குள்ள வந்துருச்சா? வளையம் எப்படி இருந்துச்சு?”

“நல்லா மினுங்கினது,” என்றேன்.

“எங்க, காட்டுங்க.”

“சூட்டோட கீழ விழுந்து உடைஞ்சு போச்சு.”

வளையம் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு பொய்க்குப் பாதுகாப்பாக இன்னொரு பொய். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

மறுநாள் சூளைக்கதவின் செங்கற்களை எடுத்தோம். முதல் செங்கல்லை எடுத்ததும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுத்த செங்கல்லை இழுத்தாள். எல்லாச் செங்கற்களும் வந்த பிறகு நானும் பார்த்தேன். ஐந்து கலயங்களும் சிவப்பு. குதிரையும் சிவப்பு, ஊற்றடிப் பெண்களும் சிவப்பு, உடலும் சிவப்பு. சிவப்பின்மேல் சற்றுப் பழுப்பான சிவப்பு, அவ்வளவுதான்.

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். கணக்குப் போடுகிறவள்போலத் தனக்குத்தானே பேசத் தொடங்கினாள். “வளையம் மினுங்கியிருக்கு. ஆனா காத்து விட்டதும் செவந்துருச்சு. அப்போ பூச்சு இறுகவே இல்ல. மேல மட்டும் பளபளன்னு இருந்திருக்கு. களி போதுமான அளவு மெல்லிசா இல்ல. தப்பு என் களியில.”

தவறான தரவு கொடுத்தால் சரியான மூளையும் தவறான முடிவுக்குத்தான் வரும். தரவு கொடுத்தவன் நான். அவள் காரணகாரியமாக யோசித்த ஒவ்வொரு படியும் சரி. முதற்படி மட்டும் பொய்.

இரண்டு நாள் அவள் கொட்டகைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். அவள் அந்தக் களி வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பார்க்கவே பிடிக்கல.”

கதவு காற்றில் சாத்திக்கொண்டது. நான் ஓடிப்போய்த் திறந்து பிடித்தேன். அவள் வெளியே போய், கொட்டகைக்குப் பின்னாலிருந்த, தொட்டால் அரிக்கும் காஞ்சோண்டிப் புதருக்குள் வாளியைக் கவிழ்த்தாள். ஒரு குளிர்காலம் முழுவதும் அவள் வடித்தெடுத்த களி இலைகளிலிருந்து சொட்டுவதைக் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும், நிறுத்தியிருக்கலாம். அந்தச் சொல் வரவில்லை. நான் எழுதுகிற இந்தக் கதையில் தகட்டைத் திறந்ததை யாராவது மன்னிக்கலாம். கதவைத் திறந்து பிடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது மனைவியிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்குத்தானே?”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “என்ன, உங்கட வாயிலயிருந்து ராகுகாலமோ? ஊரிலை நாலரை. இஞ்சை எப்பிடி நாலரை வரும்?”

“ஏன் வராது?”

“பகல் பொழுதை எட்டாப் பிரிச்சு, ஞாயிறு எண்டால் கடைசிக் கூறு. இஞ்சை இப்ப சூரியன் இரவு பத்துக்கெல்லோ மறையுது. அப்ப ராகுகாலம் எட்டு மணிக்குக் கிட்டத்தான் தொடங்கும். கோயில் கலண்டரிலையும் அப்பிடித்தான் போட்டிருக்கு. படிச்ச மனுசனுக்கு இது தெரியாதே?”

நான் தேத்தண்ணியைக் கலக்கினேன். அவள் என்னையே பார்த்தாள். நாற்பது வருடத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவள்.

“நீங்கள் அந்தச் சூளையில ஏதோ செய்திருக்கிறியள்.”

சொன்னேன். முழுவதும் சொன்னேன். வளையத்தையும் எடுத்துக் காட்டினேன். அவள் முதலில் சிரித்தாள்; அடக்க முடியாமல் சிரித்தாள். “நம்பாத மனுசன் நம்பினதும் பிழையான நேரத்திலை!” என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அவளுக்குச் சொன்னனீங்களே?”

“இல்லை.”

“அவள் அந்தக் களியை ஊத்திப்போட்டு மத்தியானமே பழைய கொம்பனிக்குப் போன் எடுத்துக் கதைச்சவள். தெரியுமோ உங்களுக்கு? நாளைக்குக் காலமை நீங்கள் போய்ச் சொல்லாட்டி நான் சொல்லுவன். நான் சொன்னால் உங்களுக்கு அழகில்லை.”

காலையில் போனேன். மருமகள் கொட்டகையில் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்துபோனது. வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“இதுதான் கடைசியா எடுத்த வளையம். உடையேல்லை. மினுங்கவும் இல்லை. ராகுகாலம் வருது எண்டு நான் முதலே திறந்துபோட்டன். உனக்குப் பொய் சொன்னனான்.”

அவள் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் சுரண்டினாள். நாக்கில் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கமாக.

“அப்போ இது இறுகவே இல்ல! மாமா, இறுகவே இல்ல! சூடு பத்தல, நேரம் பத்தல. களி தப்பில்ல! எத்தனை மணிக்குத் தொறந்தீங்க? எவ்ளோ நேரம் அடைச்சிருந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க.”

சொன்னேன். அவள் கண்கள் மின்னின. பெட்டிக்குள் வைத்த சாடியைத் திரும்ப வெளியே எடுத்தாள். “இறுகாத பூச்சு மறுபடி புகையில வெந்தா மறுபடி கறுக்கும். இப்பவும் சுடலாம். அஞ்சையும் அப்படியே திரும்பச் சுடலாம்!” கொட்டகைக்குள் இரண்டு சுற்று நடந்தாள். எனக்கும் அவளுடைய மகிழ்ச்சி தொற்றிக்கொண்டது. “ஓம், ஓம், இரும்பு திரும்பவும் தாழ்த்தப்படும்!” என்று நானும் கத்தினேன். அந்த ஒரு நிமிடம் நாங்கள் இருவரும் பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

பிறகு அவள் நின்றாள். பெரிய பாத்திரம் மூலையில் இருந்தது. பூச்சில்லாமல், வெறுமையாக.

“அந்த வாளி...” என்றாள்.

நான் தலை குனிந்தேன்.

“நீங்க பக்கத்துலயே நின்னீங்க. கதவைத் தொறந்து விட்டீங்க.”

“ஓம்.”

அதன்பிறகு அன்று முழுவதும் அவள் என்னோடு கதைக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காஞ்சோண்டிப் புதருக்குள் கையுறை போட்டுக்கொண்டு போய், மண்ணோடு மண்ணாய்க் காய்ந்து கிடந்ததைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நானும் போனேன். என் கையிலும் ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் சூளை ஜூலையில். இதுவும் பிழையாகிப்போனால் தீட்டுவதற்கு இனிக் களி இல்லை, அடுத்த குளிர்காலம்வரை பொறுக்கக் கெடுவும் இல்லை. அவள் ஒரு நிமிடம்கூடச் சூளையை விட்டு நகரவில்லை. பேத்தியை மகன் பார்த்துக்கொண்டான். எனக்கு விறகு எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும். தகட்டுக்கு அருகில் நான் போனபோதெல்லாம், “மாமா” என்று ஒரு சொல் வரும். அவ்வளவுதான், பின்வாங்கிவிடுவேன்.

முதல் வளையம் மங்கல். இரண்டாவது மங்கல். புகை அடர்ந்தது. சூளைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. மூன்றாவதை அவள் கம்பியில் கொளுவி எடுத்தபோது அது முதலில் நெருப்பு நிறத்தில் இருந்தது. காற்றில் ஆறியது. ஆற ஆற அதில் வானம் தெரிந்தது. நான் சொல்வதை நம்புங்கள், அந்தச் சின்னக் கறுப்பு வளையத்தில் டென்மார்க்கின் வெள்ளை மேகம் ஒன்று வளைந்து தெரிந்தது.

“மாமா!” என்றாள். இந்த முறை விரட்டுவதற்கு அல்ல.

திறந்தாள்.

மறுநாள் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். குதிரைகள் நின்றன. கறுப்பாக, நனைந்த கறுப்பாக, செம்மஞ்சள் மண்ணின்மேல் நின்றன. பிடரியில் ஊதாச் சிவப்பு அப்படியே இருந்தது. எண்ணெய்க் குப்பியின் ஒரு பக்கம் மட்டும் நெருப்பு நக்கிய இடத்தில் பச்சையாய்த் திரிந்திருந்தது. ஊற்றடிப் பெண் ஒருத்தியின் வெள்ளை உரிந்து கறுத்த முகம் வெளியே வந்திருந்தது. நீண்ட மூக்குக்காரி நலமாக இருந்தாள். நான் ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஏதென்சில் ஒரு குயவன் இதே நிமிடத்தை எத்தனை முறை கண்டிருப்பான்! அவனும் இப்படித்தான் வெயிலில் பிடித்துப் பார்த்திருப்பான்.

ஆகஸ்ட் முடிவில் நூதனசாலையிலிருந்து ஒரு பெண்மணியும், அவரோடு பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு முதியவரும் கொட்டகைக்கு வந்தார்கள். அவர்தான் தொட்டுச் சொல்பவர். என் வயதிருக்கும். ஐந்து கலயங்களையும் நிதானமாகத் தடவினார். குதிரையின் காலை விரலால் பின்தொடர்ந்து போய்க் குளம்பில் நின்று சிரித்தார். “நாலு குதிரை. மூன்றாவது சேட்டைக்காரன், தலையைத் திருப்புகிறான்,” என்று டேனிஷில் சொன்னார். அப்படித்தான் அவள் வரைந்திருந்தாள்.

பிறகு அவருடைய கை பெரிய பாத்திரத்துக்கு வந்தது. முழுவதும் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“இதில் யாரும் இல்லையே?”

நூதனசாலைப் பெண்மணி மருமகளைப் பார்த்தார். மருமகள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். எனக்கு டேனிஷ் நன்றாக வராது. தெரிந்த சொற்களில் சொன்னேன்: சூளையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கெட்ட நேரம் வருகிறதென்று பயந்து முன்னதாகத் திறந்துவிட்டேன், பிறகு பொய் சொன்னேன், அதனால் இவள் நல்ல களியைக் கெட்டது என்று நினைத்துக் கொட்டிவிட்டாள், இவளுடைய வேலையில் பிழை இல்லை. அந்தக் கெட்ட நேரத்தையும் பிழையாகத்தான் கணித்தேன் என்பதையும் சொன்னேன்.

பெண்மணிக்கு என்ன முகபாவம் வைப்பதென்று தெரியவில்லை. முதியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சூரியனை வைத்தா கணக்குப் பார்ப்பீர்கள்? அப்படியானால் டிசம்பரில் அது எத்தனை மணிக்கு வரும்?”

“மனைவியைத்தான் கேட்க வேண்டும்,” என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஐந்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஆறாவதை அடுத்த கோடைக்குள் தரலாம் என்றார்கள். நிரந்தர வேலையும் அவளுக்கே என்று உறுதி சொன்னார்கள். அவர்கள் போன பிறகு மருமகள் கொட்டகையைப் பூட்டினாள். காரில் என்னை வீட்டில் இறக்கிவிட வரும்போது பாதையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“மாமா, இன்னைக்கு நீங்க சொன்னது நல்லதுதான். ஆனா அடுத்த சூளைக்கு அத்தை வரட்டும். நீங்க வீட்ல பாப்பாவப் பார்த்துக்கங்க.”

“சரி பிள்ளை,” என்றேன்.

அவள் சொன்னது நியாயம். இன்னொரு குளிர்காலம் முழுவதும் அவள் களி வடித்தாள். நான் தண்ணீர் சுமந்தேன், விளக்கம் கொடுக்கவில்லை. பெரிய பாத்திரத்துக்குப் படகையும் பாய்மரத்தையும் எழுதினாள். போன மாதம் அதைச் சுட்டார்கள். நான் மகனுடைய வீட்டில் பேத்தியோடு சீட்டட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். கண் அட்டையில் இல்லை. கைபேசியில் மனைவியிடமிருந்து ஒரு படம் வந்தது. அவளுடைய உள்ளங்கைக்கு மேல் ஒரு கம்பி, கம்பியில் வளையம், வளையத்தில் மினுக்கம்.

நான் துள்ளி எழுந்ததில் அட்டைகள் எல்லாம் தரையில் சிதறின. பேத்தி பயந்துபோய் என்ன நடந்தது என்று டேனிஷில் கேட்டாள். கறுத்துவிட்டது, கறுத்துவிட்டது என்று தமிழில் சொல்லிக்கொண்டு அவளைத் தூக்கிச் சுற்றினேன். அந்த நேரத்தில் நான் நிற்க ஆசைப்பட்ட இடம் அதுவல்ல. அங்கே நிற்கும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். ஆனாலும் மூச்சு வாங்கும்வரை சுற்றினேன்.